யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் செயலமர்வு நடத்த வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டன், ரொறன்ரோ, மெல்பேண், சென்னை என்று எங்கெங்கோ இருந்து, "ஒரு கிழமை லீவு இருக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு ஏதாவது செய்யலாமோ?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், வைத்தியர்கள், பல்கலைக்கழகம் முடித்த கையோடு வரும் இளம் ஆட்கள். அந்த விருப்பம் பெறுமதியானது. அதை ஒரு நல்ல செயலமர்வாக ஆக்குவது எப்படி என்பதை முதலிலிருந்து கடைசி வரை இங்கே எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வந்தவர்களோடு சேர்ந்து வகுப்பில் நின்றிருக்கிறேன். அவர்கள் போன பிறகும் அதே வகுப்பில் நிற்கிறேன்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு முதலில் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் செயலமர்வின் முதல் மாணவர் அந்தப் பாட ஆசிரியர்தான். பிள்ளைகள் உங்களோடு இருக்கப்போவது மூன்று நாள். ஆசிரியரோடு இருக்கப்போவது வருடம் முழுக்க. ஆகவே திட்டமிடும் ஒவ்வொன்றையும் "நான் இல்லாமல் அடுத்த வருடம் இதை அவரால் செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு அழகான செயற்பாடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

படி 1: பள்ளிக்கூடத்தைத் தெரிவு செய்தல்

யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கே போக விரும்புவார்கள். அது இயல்பு. ஆனால் உடுவில் மகளிர் கல்லூரி 1824இலும், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி 1838இலும், புனித பத்திரிசியார் கல்லூரி 1850இலும் தொடங்கியவை. இப்படிப்பட்ட பழைய பெரிய பள்ளிக்கூடங்களுக்கு உலகம் முழுவதும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆய்வுகூடம் வேண்டுமா, கணினி வேண்டுமா என்று கேட்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

கேட்க ஆளில்லாத இடங்கள் வேறு: தீவகத்துப் பள்ளிக்கூடங்கள், வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கம், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்டு மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பிய வலிகாமம் வடக்கு. பள்ளிக்கூடத்தின் வகையைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். 1ஏபி என்றால் உயர்தரத்தில் (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம். இரண்டாம் வகை தரம் 11 வரை. மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும், சிலவற்றில் தரம் 8 வரை போகும். என் அபிப்பிராயத்தில், மூன்று நாள் செயலமர்வு அதிகம் பலன் தருவது இரண்டாம் வகைப் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் குறைவு, ஆசிரியரோடு உட்கார்ந்து கதைக்க நேரம் கிடைக்கும், ஒரு வகுப்பு முழுவதையும் எடுக்கலாம்.

சொந்தப் பள்ளிக்கூடத்தை விட மனமில்லை என்றால் அங்கேயே செய்யுங்கள். அதிபரிடம் கேட்டு, பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஆசிரியரையும் பத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்களுடைய பஸ் செலவை உங்கள் கணக்கில் போடுங்கள்.

நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து படகில் போகவேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் வேண்டாம். அங்கேயே தங்குங்கள். கடல் குழம்பினால் படகு ஓடாது; ஒரு நாளை மேலதிகமாக வைத்திருங்கள்.

படி 2: காலம்

வெளிநாட்டில் லீவு கிடைப்பது ஜூலை, ஓகஸ்ட், டிசம்பர். இங்கே ஓகஸ்டிலும் டிசம்பரிலும் பள்ளிக்கூடங்களுக்கும் வழமையாக விடுமுறை. ஜூலைக் கடைசியில் இரண்டாம் தவணைப் பரீட்சை. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் பிள்ளைகளின் மனம் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். பிள்ளைகள் மைதானத்தில்தான். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. நவம்பரில் வெள்ளம் நின்று பள்ளிக்கூடம் நடக்காத நாட்களும் உண்டு.

மிஞ்சுவது இரண்டு இடைவெளி. ஒன்று, சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து ஜூலை முதற்கிழமை வரை. மற்றது, முதலாம் தவணையில் விளையாட்டுப் போட்டி முடிந்த பிறகு வரும் மார்ச் மாதம். முதலாவதையே நான் கூடுதலாக விரும்புவேன். வெயில் கடுமைதான், ஆனால் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்; தவணை நடுவில் இருப்பதால் ஆசிரியருக்கு நீங்கள் போன பிறகும் தொடர நேரம் இருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு தவணைத் திகதிகள் பல வருடங்கள் முன்பின்னாகப் போயின. தரம் 5 புலமைப்பரிசில், தரம் 11 சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைகளின் திகதிகளும் மாறுகின்றன. பரீட்சை நிலையமாக இருக்கும் பள்ளிக்கூடங்கள் அந்த நாட்களில் மூடப்படும். அதனால் விமானச் சீட்டு எடுக்கும் முன் அதிபரிடம் அந்த வருடத் தவணை நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: அனுமதி

ஆறு மாதத்துக்கு முன் தொடங்குங்கள். முதலில் அதிபர். தொலைபேசியில் கதைப்பதென்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எடுங்கள். ரொறன்ரோவில் கோடையில் காலை 5 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. கொஞ்சம் நித்திரை முழிக்கத்தான் வேண்டும்.

அதிபர் "ஓம், தாராளமாக வாங்கோ" என்பார். வீட்டுக்கு வருகிறேன் என்கிறவரை யாழ்ப்பாணத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த "ஓம்" வரவேற்பு. திட்டத்துக்கான சம்மதம் அதற்கு அடுத்த கட்டம். அதை எடுக்க, குறிப்பாகக் கேளுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடவேளைகள், எந்த ஆசிரியர் கூட நிற்பார், அந்த நேரம் வேறு யாருடைய பாடம் போகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். கணித ஆசிரியரின் பாடவேளையை எடுத்து விஞ்ஞானச் செயலமர்வு செய்தால் அந்தப் பாரம் அவர் தலையில் விழும்.

பிறகு கடிதம். மாகாணப் பாடசாலை என்றால் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. வலயம் கேட்டால் வடமாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு. தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால் அதன் அதிபர் எந்த வழியால் அனுப்பவேண்டும் என்று சொல்வார். கடிதம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். யார் வருகிறீர்கள், கடவுச்சீட்டில் உள்ள பெயர், என்ன தொழில், எந்தத் திகதி, எந்தத் தரம், எந்தப் பாடத்தின் எந்த அலகு, என்ன பொருட்கள் கொண்டு வருகிறீர்கள், பிள்ளைகளிடம் பணம் எதுவும் வாங்கப்படாது. இவ்வளவும் போதும். உங்கள் நாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்வதற்கு எடுத்த பொலிஸ் நற்சான்றின் பிரதியைக் கேட்காமலே இணையுங்கள்.

விசா பற்றி ஒன்று. சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை. சம்பளம் இல்லாத தொண்டுக்கு எந்த வகை விசா வேண்டும் என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடமோ உங்கள் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திடமோ எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள். "ஒருத்தரும் கேட்க மாட்டினம்" என்று சொல்கிறவர்களை நம்பி வராதீர்கள். யாரும் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அதிபர்.

படி 4: எந்த வகுப்பு, என்ன விடயம்

தரம் 10, 11 வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை கழுத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன், இரவில் மீட்டல். தரம் 7, 8, 9 தான் இடமுள்ள வகுப்புகள். கேள்வி கேட்கும் வயது. செய்து பார்க்கும் ஆசையும் இருக்கும், பரீட்சைப் பயம் இன்னும் வந்திராது.

விடயத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். பாட ஆசிரியரோடு வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் கதையுங்கள். "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டால் மரியாதைக்காக "எது எண்டாலும் நல்லம்" என்பார். இப்படிக் கேளுங்கள்: "ரீச்சர், இந்தத் தவணையில பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தக் கஷ்டமான அலகு எது? செய்முறை செய்யவேணும் எண்டு இருந்தும் நேரமோ சாமானோ இல்லாமல் விட்டது எது?" உடனே ஒரு பட்டியல் வரும்.

அந்த அலகின் பாடநூலைப் படியுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் படித்தவர்களும், வெளிநாட்டில் ஆங்கிலத்தில் படித்தவர்களும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். இங்கே பிள்ளைக்கு ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, பௌதிகவியல், இரசாயனவியல், கேத்திரகணிதம், முக்கோணி. ஆக்சிஜன், இயற்பியல், வடிவியல் என்று தொடங்கினால் தெரிந்த விடயமே தெரியாததாகத் தோன்றும். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். 1873இல் அவர் திரும்பும்போது தமிழில் படித்த மருத்துவர்கள் இங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர் எப்படி வரவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

தமிழ் சரளமாக வராத இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் தயங்கவேண்டாம். யாழ் பல்கலைக்கழக மாணவர் ஒருவரையோ கோப்பாய் தேசியக் கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒருவரையோ சோடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மொழிபெயர்ப்பாளராக நிற்கக்கூடாது. பாதிச் செயற்பாடுகளை அவரே நடத்தவேண்டும்.

படி 5: மூன்று நாள் மாதிரி – எங்கள் கிணற்றுத் தண்ணீர்

எல்லா வகைச் செயலமர்வுக்கும் திட்டம் எழுத முடியாது. ஒன்றை முழுமையாகச் சொல்கிறேன். அதிலிருந்து மற்றவற்றை அமைத்துக்கொள்ளலாம். இதை ஏன் தெரிந்தெடுத்தேன் என்றால், குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்குத்தான் ஓடும். நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீர். இந்த விஞ்ஞானம் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் இருக்கிறது.

தரம் 8 அல்லது 9, முப்பத்திரண்டு பிள்ளைகள் வரை, நான்கு பேர் கொண்ட குழுக்கள். ஒரு நாளைக்கு மூன்று பாடவேளை. பாடவேளை 40 நிமிடம் என்ற ஒழுங்கில் இது சரியாக இரண்டு மணித்தியாலம். கல்விச் சீர்திருத்தத்தால் நேரம் மாறியிருக்கலாம் என்பதால் அந்த வருட நேரசூசியைக் கேளுங்கள். காலையில், இடைவேளைக்கு முன் எடுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் தலை வேலை செய்யாது.

முதல் நாளுக்கு முந்திய நாள், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். வளர்ந்தவர் அள்ளிக் கொடுக்கவேண்டும், பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று எழுதி அனுப்புங்கள். போத்தலில் பெயர் எழுதவேண்டாம், இலக்கம் மட்டும். ஒருவரின் கிணறு உவர் என்றோ அழுக்கு என்றோ வகுப்பில் வெளிப்பட்டால் அது அந்த வீட்டின் மானப் பிரச்சினை.

*முதல் நாள்: சவர்க்காரத் துளி.* உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைத் துருவி ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கள். சலவைத் தூள் வேண்டாம். அது கடின நீரிலும் நுரைக்கும், சோதனை பிழைத்துவிடும். சிறு போத்தலில் 50 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஐந்தைந்து துளியாகக் கரைசலை விட்டு, மூடிக் குலுக்கவேண்டும். அரை நிமிடம் கலையாமல் நிற்கும் நுரை வரும்வரை எத்தனை துளி போனது என்று எண்ணவேண்டும். ஒப்பிடுவதற்கு வாகனத் திருத்தகங்களில் விற்கும் பற்றரித் தண்ணீர். அது காய்ச்சி வடித்த நீர். அமிலம் கலந்ததை மாறி வாங்கிவிடாமல் கடையில் கேட்டு வாங்குங்கள்.

துளி விடும் முன் ஒவ்வொரு குழுவும் ஊகத்தை எழுதவேண்டும். "எங்கட கிணறு கூடவா, குறையவா, ஏன்?" இந்த "ஏன்"தான் அன்றைய பாடம். எழுதிய ஊகத்தை அழிக்கவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் விடை பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் பக்கத்துக் குழுவைப் பார்த்து எண்ணை மாற்றுவார்கள். பிழைத்த ஊகம்தான் சுவையான ஊகம் என்பதை நீங்கள் முகத்தில் காட்டவேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நேரம் இருந்தால் ஒரு மாதிரியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடித்து, திரும்பத் துளி எண்ணுங்கள். குறைந்தால் அது தற்காலிகக் கடினத்தன்மை. வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளை என்ன என்று அப்போது பிள்ளைகளே சொல்வார்கள்.

*இரண்டாம் நாள்: கல்லுக்குள் தண்ணீர்.* நொறுக்கிய சிப்பியிலோ சுண்ணக்கல்லிலோ வினாகிரி விட்டால் குமிழி வரும். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் பால் நிறமாகும், காபனீரொட்சைட்டு. சுண்ணாம்பு நீருக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு விட்டு, மேலே தெளிந்ததை எடுத்தால் போதும். கண்ணில் பட்டால் எரியும். இதை ஆசிரியர் தயாரிக்கட்டும், பிள்ளைகள் வாய் வைத்து உறிஞ்சக்கூடாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்ணாடிக் குவளையில் நிறம் கரைத்த உப்புத் தண்ணீர். அதன்மேல் கரண்டியின் முதுகில் பட்டு வழிய நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கும். குடாநாட்டின் நிலத்துக்குள்ளும் நடப்பது இதுதான்: மழைத்தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. இப்போது ஒரு ஊசிக்குழாயை மேல் தண்ணீருக்குள் பிடித்து வேகமாக இழுத்தால், நிறம் மேலே ஏறும். மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு ஏன் உவராகிறது என்பது அந்த ஒரு கணத்தில் விளங்கிவிடும். நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். "எப்பிடி ஸேர் அப்பிடி?" என்று அவர்களே கேட்கும்வரை நிலாவரையின் பெயரை எடுக்காதீர்கள்.

*மூன்றாம் நாள்: படம்.* பெரிய டிமை தாளில் ஊரின் வரைபடம். கிணற்று இலக்கங்களை இடத்தில் ஒட்டி, துளி எண்ணிக்கைக்கு நிறம் தீட்டுதல். கடற்கரைப் பக்கம் என்ன, தோட்டப் பக்கம் என்ன, ஏன் ஒரு கிணறு மட்டும் ஒத்துவரவில்லை? கடைசி நாற்பது நிமிடத்துக்குத் தரம் 7 பிள்ளைகளை அழையுங்கள். தரம் 9 பிள்ளை தரம் 7 பிள்ளைக்கு விளங்கப்படுத்தட்டும். நீங்களும் ஆசிரியரும் பின்னால் நில்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. தோட்டப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் போவது குடாநாட்டின் உண்மையான பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வெளிநாட்டிலிருந்து சோதனைத் தாள் கொண்டுவந்து அளக்க ஆசை வரும். அளக்கலாம், ஆனால் முடிவை வகுப்பில் அறிவிக்கவேண்டாம். கூடுதலாகத் தெரிந்தால் அதிபர் ஊடாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி, முறையான ஆய்வுக்கு விடுங்கள். ஒரு தாளின் நிறத்தை வைத்து ஒரு குடும்பத்தைத் தங்கள் கிணற்றுக்குப் பயப்பட வைக்கக்கூடாது.

படி 6: பொருட்கள்

மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: சவர்க்காரம், சிப்பி, வெற்றிலைச் சுண்ணாம்பு, வினாகிரி, வெறும் போத்தல். சோதனைத் தாளைத் தவிர எல்லாம் யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடியவை. டிமை தாள், பிறிஸ்ரல் போட், மாக்கர், கம் எல்லாவற்றையும் இங்கேயே வாங்குங்கள், ஆசிரியரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய். எந்தக் கடை, என்ன விலை என்று அவருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் அவரே வாங்குவார். பயணப்பெட்டியில் கொண்டுவரும் விசேடக் கருவி பழுதானால் திருத்த ஆளில்லாமல் அலுமாரிக்குள் போய்விடும். ஒரு சிறிய கருவி விட்டுப்போவதென்றால் மேலதிக பற்றரிகளையும் தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து விடுங்கள்.

புறொஜெக்ரரை நம்பவேண்டாம். அரைச் சுவர் வகுப்பறையில் வெளிச்சம் உள்ளே வரும். திரையில் எதுவும் தெரியாது. மின்சாரமும் நிற்கலாம். கரும்பலகையும் கையில் பிடிக்கும் பொருளும் போதும்.

பணமாகக் கொடுப்பதென்றால் தனி ஆளிடம் கொடுக்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு.

படி 7: அந்த நாட்கள்

முதல் நாள் வரவேற்பு இருக்கும்: மாலை, மங்கல விளக்கு, தேவாரம், உரைகள். அதை மறுக்காதீர்கள், பிள்ளைகள் அதற்காகப் பழகியிருப்பார்கள். ஆனால் அதை வகுப்பு நேரத்துக்குள் விடாமல் காலைப் பிரார்த்தனையோடு சேர்த்துவிட முடியுமா என்று அதிபரிடம் முன்பே கேளுங்கள். உங்கள் உரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம்.

உடை: ஆண்கள் நீளக் காற்சட்டையும் சேட்டும். பெண்கள் சேலை, அல்லது தோளும் முழங்காலும் மூடிய ஆடை. இங்கே ஆசிரியைகள் அந்த வெயிலிலும் சேலை கட்டித்தான் வருகிறார்கள், பிள்ளைகள் பார்ப்பார்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தெரியாமல் இருக்கிறார்கள் என்று எடுக்கவேண்டாம். பெரியவர் முன் முந்திக்கொண்டு கதைப்பது சரியில்லை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள். முதலில் தனியே எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லட்டும், அதற்குப் பிறகு வகுப்புக்கு. இரண்டாம் நாள் நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள்.

பிற்பகலில் நீட்டாதீர்கள். பள்ளிக்கூடம் 1.30க்கு விட்டால், பஸ் அதற்கேற்ற நேரத்துக்குத்தான் வரும். "மிஸ், பஸ் போயிடும்" என்று ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னால் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அனுப்புங்கள். தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லமுடியாது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறிச் சாப்பாடு. இடைவேளைக்கு ஏதாவது கொடுப்பதென்றால் கடலை, வாழைப்பழம், பணிஸ், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும்.

ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் போன பிறகு ஆசிரியரோடு கால் மணித்தியாலம் இருங்கள். தேத்தண்ணி வரும். என்ன சரிவந்தது, என்ன சரிவரவில்லை என்று அவர் சொல்லட்டும். முதல் நாள் நீங்கள் நடத்துங்கள், இரண்டாம் நாள் இருவரும், மூன்றாம் நாள் அவர். இந்த ஒழுங்கை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். திடீரென்று கையில் கொடுத்தால் அது சோதனையாகிவிடும்.

படி 8: பிள்ளைகளின் பாதுகாப்பு

எந்தப் பிள்ளையோடும் தனியே மூடிய அறையில் இருக்கக்கூடாது. பிள்ளைகளின் தொலைபேசி இலக்கத்தை வாங்கக்கூடாது, உங்களுடையதைக் கொடுக்கவும் கூடாது. தொடர்பு ஆசிரியர் ஊடாக மட்டும். படம் எடுக்க அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். முகமும் பெயரும் ஊரும் சேர்ந்து வெளியே போகக்கூடாது. கைகள், போத்தல்கள், வரைபடம் என்று எடுத்தாலே உங்கள் வேலையைக் காட்டலாம். "வறிய பிள்ளை" என்று எழுதிப் பணம் சேர்க்கும் படங்களை நான் வெறுக்கிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் அதைப் பார்க்கும்.

போர் பற்றிக் கேட்காதீர்கள். இன்று தரம் 8, 9இல் இருக்கும் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டில் யாரோ இல்லாமல் இருப்பார். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், தொடர்ந்து கிளறாதீர்கள். "உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள்" என்ற பழகிய செயற்பாடுகூட இங்கே ஒருவரை அழவைக்கலாம். அதற்குப் பதிலாக "உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த இடம்" என்று கொடுங்கள்.

ஏதாவது பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே விசாரிக்கவேண்டாம். அதிபருக்கும் பள்ளிக்கூடத்தின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியருக்கும் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

படி 9: போன பிறகு

போகும் முன் மூன்று பொருட்களை ஆசிரியரிடம் விட்டுச் செல்லுங்கள்: மூன்று நாள் திட்டம் தமிழில் அச்சில், மிஞ்சிய பொருட்கள் ஒரு பெட்டியில், பிள்ளைகள் தீட்டிய வரைபடம் சுவரில். சான்றிதழ் கொடுப்பதென்றால் பள்ளிக்கூடத்தின் பெயரில், அதிபரின் கையெழுத்தோடு இருக்கட்டும். பெயர் எழுத்துகளை வரவுப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஆசிரியருக்கும் ஒன்று, வலயத்துக்குப் பிரதி ஒன்று. தீபாவளி வாழ்த்தோடு முடியும் வட்ஸ்அப் குழு வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து ஆசிரியருக்கு அழைப்பு எடுங்கள். "பிள்ளையள் எப்பிடி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாமல், இவற்றைக் கேளுங்கள்: அந்தச் செயற்பாட்டைத் திரும்ப எந்த வகுப்போடு செய்தீர்கள்? எந்தப் பகுதியை மாற்றினீர்கள்? எது வேலை செய்யவில்லை? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டார்களா? அவர் "இன்னும் செய்யேல்லை" என்றால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் சிறியதாக இருக்கும்: சவர்க்காரக் கரைசலின் அளவு மறந்துபோனது, நேரசூசி மாறியது, போத்தல்களை யாரோ எறிந்துவிட்டார்கள். அவற்றைத் தொலைபேசியிலேயே தீர்க்கலாம். அதே அழைப்பில் அடுத்த வருடத் தவணைத் திகதிகளையும், மழைக்குப் பிறகு அதே கிணறுகளைத் திரும்ப அளக்க எந்தக் கிழமை வசதி என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.